சிங்கராசாவின் வெள்ளை

கத்தி முனையில் கொஞ்சம் ஐசிங்கை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குப் பிடிக்கிறார் சிங்கராசா. மற்றக் கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை உருவிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். போத்தலுக்குள் மன்னார் உப்பளத்து உப்பு, அவருடைய வெள்ளைக்கு அதுதான் அளவு. இடக்கண்ணை மூடுகிறார், வலக்கண்ணை மூடுகிறார். "இன்னும் வரேல்லை" என்கிறார். பாத்திரத்துக்குள் இன்னொரு சிட்டிகை வெள்ளைத் தூள் விழுகிறது. மறுபடி கத்தி, மறுபடி போத்தல். நாலாவது முறை, "வந்திட்டுது." அதற்குப் பிறகு இடியே விழுந்தாலும் அந்த ஐசிங்கில் கை வைக்கமாட்டார்.

முருங்கன் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. கலியாணக் கேக் என்றால் தலைமன்னார் வரைக்கும் இவர்தான். அதற்கு முந்தி இருபது வருடம் வீடுகளுக்குப் பெயின்ற் அடித்தவர். ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்து வீட்டோடு கிடந்தபோது, மனைவி நிறஞ்சலா பிறந்தநாள் கேக்குக்கு ஐசிங் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள், "இதென்ன திட்டுத் திட்டாய்ப் பூசுறாய், தா இஞ்சை" என்று கத்தியைப் பறித்தவர்தான், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. "சுவர் பெரிசு, கேக் சின்னன். மற்றும்படி ஒரே வேலைதான்" என்பார். கேட்கிறவர்கள் கையிலிருக்கிற கேக்கை ஒருமுறை உற்றுப் பார்ப்பார்கள்.

இன்னும் உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தூளைப் பற்றிக் கேட்கலாம். ரைற்றேனியம் டையொக்சைட். பெயின்ற் ரின்னில் சுவரை வெள்ளையாக்குகிற அதே சாமான், கேக்குக்கென்று சுத்தம் பண்ணிச் சின்ன டப்பாவில் வருகிறது. மனுசன் இதை மறைக்கிறதே இல்லை. ஏதோ பழைய சிநேகிதனைச் சந்தித்த மாதிரிச் சந்தோசமாகச் சொல்லுவார்.

வெளிநாட்டுச் சனம் ஊருக்கு வந்து கலியாணம் செய்யத் தொடங்கியதும்தான் பிரச்சினை. ஒருவர் சாப்பிடுவார், மற்றவர் டப்பாவைப் பிரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளிவைப்பார். சிங்கராசா கேக் போடுகிற குசினிச் சுவரில் பழைய கலண்டரைத் திருப்பி மாட்டி, எந்த ஊர்ச் சட்டம் அந்தத் தூளைச் சாப்பிட விடுகிறது என்று முதுகுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார். பரிஸ்: கூடாது. சுவிஸ்: கூடாது. லண்டன்: ஓம். பெல்பாஸ்ட்: கூடாது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், லண்டனுக்கும் பெல்பாஸ்டுக்கும் ராசா ஒராள்தான், சட்டம்தான் ரெண்டு. கனடா: ஓம், அளவாய். அமெரிக்கா: நிறையில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகப்படாது. இலங்கைக்கும் ஒரு கட்டம் விட்டிருக்கிறார். அதில் இதுவரை ஒன்றும் எழுதவில்லை.

இப்படி ஊரார் கலியாணத்தையெல்லாம் நாடு பிரித்துச் சமாளித்தவர், மகள் வேணுஜாவின் கலியாணத்தில் மாட்டிக்கொண்டார். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்தே அந்தக் கேக் அவர் மனதில் இருந்தது. ஏழு தட்டு, உப்பு வெள்ளை, ஒரு பூக்கூட வேறு நிறத்தில் இல்லை. மாப்பிள்ளை நிரோஷனின் அக்கா டிலோஜினி பரிசிலிருந்து ஒரு கிழமை முந்தியே வந்திறங்கினா. வந்த கையோடு குசினிக்குள் போய் டப்பாவைப் பிரட்டினா. "மாமா, இது எங்கடை நாட்டிலை தடை. இதைப் போட்டால் நாங்கள் கொழும்பிலை கேக்குக்குச் சொல்லுவம்."

கொழும்புக் கேக்! சொந்த மகளின் கலியாணத்தில், சிங்கராசா வீட்டு வாசலில், ஆரோ செய்த கேக் வான் வண்டியில் வந்து இறங்குவதை ஊர் பார்க்குமே. அன்றைக்கு மத்தியானம் அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

பின்னேரம் உறவுக்காரர் கூடினார்கள். முப்பது வருடமாகத் தின்கிறேன், எனக்கு என்ன வந்தது என்று லண்டன் சித்தப்பா எழும்பி நின்று காட்டினார். டிலோஜினி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதைத்தான் சொல்லுறன்" என்றா. பெல்பாஸ்ட் மாமா தன் ஊரில் கூடாது என்றதும், ஒரே ராசாவின் குடிகள் இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தத் தொடங்கினார்கள். அமெரிக்காப் பெரியம்மா போனில் வந்து, நூற்றுக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொன்னா. சிங்கராசா தராசை எடுத்துக்கொண்டு வந்து ஒரு சந்தேகம் கேட்டார்.

"றெஜிபோமையும் சேர்த்து நிறுக்கிறதோ, விட்டிட்டு நிறுக்கிறதோ?"

லண்டன் சித்தப்பா திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். சும்மாவா! எங்கள் ஊர்க் கலியாணக் கேக்கில் உச்சித் தட்டுத்தான் கேக். அதைத்தான் பொம்பிளையும் மாப்பிள்ளையும் வெட்டுவார்கள். கீழே உள்ள ஆறும் வெறும் றெஜிபோம், ரீவி வாங்கினால் பெட்டிக்குள் வைத்து வருமே, அதே சாமான். சனத்துக்குக் கொடுக்கிற துண்டு தனியாகப் பெட்டிக்குள் இருக்கும், அதற்கு ஐசிங்கே இல்லை. ஒருவரும் வாயில் வைக்காத ஆறு தட்டுக்காகத்தான் இவ்வளவு நேரமும் நாலு நாட்டுச் சட்டம் அடிபட்டது.

கடைசியில் கீழ் ஆறும் அவருடைய வெள்ளை, உச்சித் தட்டு டிலோஜினி சொன்னபடி தூள் போடாத, மஞ்சளடிக்கிற பட்டர் ஐசிங் என்று முடிவாயிற்று. கேக் பிழைத்தது. ஆனால் அந்த மஞ்சள் தட்டைத் தூக்கி உச்சியில் வைக்கும்போது மனுசன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் வைத்தார். உப்புப் போத்தலை எடுக்கவேயில்லை. பாவமாய் இருந்தது.

கலியாணத்தன்று காலையில் மாலையைக் கொடுக்க அறைக்குள் போனார். வேணுஜா கண்ணாடிக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். அவள் அப்பாவின் நிறம், நல்ல கறுப்பு. அந்த நிறம் கழுத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே வேறு யாரோ ஒரு வெள்ளைப் பிள்ளை. அலங்காரம் செய்கிறவ இன்னும் ஒரு பூச்சுப் போட, டிலோஜினி பக்கத்தில் நின்று, கன்னத்தில் காணாது என்று சொல்லிக்கொண்டிருந்தா. வேணுஜா கண்ணாடிக்குள்ளால் அப்பாவைப் பார்த்தாள்.

டப்பாவைக் கண்டால் பிரட்டாமல் இருக்க அவரால் முடியாது. பரிசிலிருந்து வந்த அந்தப் பூச்சுப் போத்தலையும் பிரட்டினார். பொடி எழுத்தில் இருந்தான் பழைய சிநேகிதன், ரைற்றேனியம் டையொக்சைட்.

"பிள்ளை, இதிலையும் அதுதானே கிடக்கு?"

"அது பூசுறது மாமா. சாப்பிடுறேல்லை. எங்கையும் தடை இல்லை."

சிங்கராசா தலையாட்டினார். நேரே குசினிக்குப் போய்க் கலண்டரில் பரிசுக்குப் பக்கத்தில் எழுதினார்: கேக்குக்குக் கூடாது, முகத்துக்கு ஓம்.

மண்டபத்தில் உச்சித் தட்டை வெட்டினார்கள். நிரோஷன் பதற்றத்தில் கேக்கை வாயில் பாதியும் கன்னத்தில் பாதியுமாக ஊட்டிவிட்டான். சனம் சிரித்தது. சிங்கராசா மேடையேறி, மடித்து வைத்திருந்த புது லேஞ்சியால் மகளின் கன்னத்தைத் துடைத்தார். மஞ்சள் ஐசிங் வந்தது. அதோடு வெள்ளைப் பூச்சும் வழித்துக்கொண்டு வந்தது. "ஐயோ மாமா, படம் எடுக்கினம்" என்றா டிலோஜினி.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையிலிருந்து உப்புப் போத்தலை உருவி, கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். இடக்கண்ணை மூடினார், வலக்கண்ணை மூடினார். "இன்னும் வரேல்லை." இன்னொரு முறை துடைத்தார், அழுத்தி, காதோரம் வரைக்கும். லேஞ்சிக்கு அடியிலிருந்து வேணுஜாவின் கறுப்பு மினுங்கிக்கொண்டு வெளியில் வந்தது.

"வந்திட்டுது" என்றார் சிங்கராசா.

வேணுஜா மற்றக் கன்னத்தையும் அவருக்குத் திருப்பினாள்.