கணுக்காலில் ஒரு கறுப்புக் கயிறு

"...ஓடு, சைக்கிள் ஓட்டு, நான் ஒன்னும் சொல்லல. தண்ணியில மட்டும் உனக்குக் கண்டம்னு பூசாரி அப்பவே சொல்லிட்டாருலா" என்றபடி அம்மா என் இடது கணுக்காலில் கறுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரம், மலாக்கா கடலோரம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நெடுந்தூரப் போட்டியில் அன்று நான் இறங்க வேண்டும்.

அம்மா செலண்டார் பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நான் பிறந்த கையோடு தோட்டத்துக் கோயில் பூசாரி அப்படிச் சொன்னாராம். அதனால் பள்ளிப் பிள்ளைகள் ஆற்றில் குதித்தபோதெல்லாம் கரையில் உட்கார்ந்து அவர்கள் சட்டைகளுக்குக் காவல் இருந்தவள் நான். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் வேலை கிடைத்த பிறகு ஓடப் பழகினேன், சைக்கிள் வாங்கினேன். முப்பத்து நான்கு வயதில், அம்மாவுக்குத் தெரியாமல், நீச்சல் குளத்திலும் இறங்கிவிட்டேன். போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகுதான் அவரிடம் சொன்னேன். குளத்திலாவது தரை தெரியும். நம் ஊர்க் கடல் தே தாரிக் என்கிற பால் தேநீரின் நிறம். நீட்டிய கையே கண்ணுக்குத் தெரியாது.

நீந்த வேண்டியது ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். ஒரு மணி பத்து நிமிடத்துக்குள் கரையேறாவிட்டால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். ஒரு வருடப் பயிற்சி அத்தோடு போய்விடும்.

நேரம் பதிகிற பட்டையை அதே கணுக்காலில், கயிற்றின் மேலேயே ஒட்டினேன். அவசரத்தில் கோணலாகிவிட்டது. பிய்த்து மறுபடி ஒட்டினேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு தண்ணீருக்குள் ஓடினேன்.

பயம் வரும்போதெல்லாம் காலில் அந்த இறுக்கம் இருக்கிறதா என்று கவனிப்பேன். இருக்கும். மேற்கொண்டு நீந்துவேன். அப்படியே பாதித் தூரத்து மிதவை வரை வந்துவிட்டேன். அதைச் சுற்றித் திரும்பும்போது பின்னால் வந்த யாரோ ஒருவரின் கை என் பாதத்தில் பலமாக அடித்தது. பட்டை போய்விட்டதோ என்று காலை மடக்கித் தடவிப் பார்த்தேன்.

பட்டை இருந்தது. கயிறு இல்லை.

அதற்கப்புறம் எனக்கு நீச்சலே மறந்துவிட்டது. கண்டம் என்பது இதுதான் என்று தோன்றியது. மூச்சு இழுத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. பக்கத்தில் ஒரு காவல் படகு, ஒரே ஆள் உட்காரும் காயாக், வந்து நின்றது. அதை நான் தொடவில்லை. தொட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். முந்தின நாள் விதிகளைச் சொன்ன கூட்டத்துக்கு ஷிஃப்ட் இருந்ததால் நான் போகவில்லை. மூழ்கினாலும் மூழ்குவேன், தொடமாட்டேன் என்று தத்தளித்துக்கொண்டிருந்தேன் பாருங்கள், அந்த முட்டாள்தனத்தை என்ன சொல்ல?

படகில் இருந்தவர் உம்பாய்ப் பக்கம் மீன் பிடிக்கிற தமிழர். "பிடிச்சுக்க தங்கச்சி. நான் துடுப்பு போடாம நிக்கிற வரைக்கும் தப்பில்லலா" என்றார்.

பிடித்துக்கொண்டு அழுதேன். கயிறு போய்விட்டது, என்னைக் கரையில் விட்டுவிடுங்கள் அண்ணே என்றேன். அவர் சிரிக்கவில்லை. கொண்டுபோய் விடுவது பெரிய காரியமில்லை, ஆனால் ஒன்று சொல்கிறேன் என்று என் கையைக் காட்டினார்.

"ரொம்ப நேரமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். பயம் உன் மூஞ்சியிலதான் இருக்கு, கையில இல்ல. கை நல்லாத்தான் போகுது."

எவ்வளவு நேரம் அப்படித் தொங்கினேன் என்று தெரியாது. கையை விட்டேன். பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டு நீந்தினேன். எண்ணிக்கை தப்பும், மறுபடி ஒன்றிலிருந்து. கால் மணலில் தட்டியபோது மூன்று நிமிடம் மிச்சமிருந்தது.

கடலில் கால் நனைக்காத என் அம்மா, முழங்கால் தண்ணீரில் புடவை நனைய நின்றுகொண்டிருந்தார். இறுக மூடியிருந்த கையைத் திறந்து காட்டினார். கறுப்புக் கயிறு.

நான் பட்டையைப் பிய்த்து ஒட்டிய இடத்திலேயே அது மணலில் விழுந்து கிடந்ததாம். என் செருப்பை எடுக்கப் போனபோது பார்த்திருக்கிறார். கொடுத்துவிடலாம் என்று தண்ணீருக்குள் ஓடி வந்தால், நான் எட்டாத தூரம் போய்விட்டேனாம். அப்போதிருந்து அங்கேயே நிற்கிறார்.

கட்டிவிட அவர் குனிந்தார். "வேணாம்மா, அது இல்லாமத்தான் போய்ட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை நோக்கி ஓடினேன். அன்று மாலை ஓட்டத்தையும் முடித்தேன், கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்.

இன்றும் கடலைப் பார்த்தால் எனக்குப் பயம்தான். காலில் இல்லாத கயிற்றை நம்பியே பாதிக் கடலைக் கடந்தவள் நான் என்பதை நினைத்துக்கொள்வேன். மூச்சு தானாகச் சீராகும். கூடவே, அன்று ஓடும்போது திரும்பிப் பார்த்ததும் நினைவுக்கு வரும். அம்மா இன்னும் தண்ணீரை விட்டு வரவில்லை. குனிந்து, அந்தக் கயிற்றைத் தன் கணுக்காலில் கட்டிக்கொண்டிருந்தார்.