மிக்ஸிக் காசில் ஓடிய கடிகாரம்

ராஜாங்கம் மாமா எந்தப் பொருளையும் முழு விலை கொடுத்து வாங்கியதாகக் கருவடிக்குப்பத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மில்லில் தறிப் பிரிவில் இருந்தவர். பிரிவை மூடியபோது கைக்கு வந்த தொகையில் மூன்று சக்கர வண்டி ஒன்று வாங்கினார். அதுவும் பாதி விலைக்கு. ஒரு பெடல் இல்லை என்று சொல்லிச் சொல்லியே குறைத்தாராம். வார நாட்களில் அந்த வண்டியில் வாடகைக்குச் சாமான் ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் சாக்கை விரித்து, வீடு காலி செய்கிறவர்கள் தள்ளிவிட்டதை எல்லாம் பரப்பி வைப்பார். கைப்பிடி இல்லாத வாணலி, ஜோடி தொலைந்த பூட்ஸ், எதற்கென்றே தெரியாத பித்தளைக் குழாய்.

வியாபாரத்தில் அவருக்கு ஒரே ஒரு வேதம்தான். "பொருளைப் புகழ்றவன் வாங்க மாட்டான் தம்பி. குறை சொல்றான் பாரு, அவனுக்குத்தான் ஆசை." அவர் எதை வாங்கப் போனாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போவார். "பொண்ணு பார்க்க வந்தப்பவே என்னைக் குட்டைன்னு சொன்ன மனுஷன்" என்று அவர் மனைவி ஆதிலட்சுமி அத்தை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

அத்தை காலையில் வாசலில் இட்லி விற்கிறார். மாவு அரைக்கக் கிரைண்டர், சட்னிக்கு மிக்ஸி. ஒருநாள் தேங்காய் போட்டதும் மிக்ஸி புகைந்து நின்றுவிட்டது. மோட்டாருக்குப் புதுக் காயில் கட்ட அறுநூறு ஆகும் என்று கடையில் சொன்னார்கள். அத்தை இட்லிக் காசில் சேர்த்து அறுநூறையும் மாமா கையில் கொடுத்துவிட்டு, அதுவரைக்கும் அம்மியில் உட்கார்ந்தார். தோள்பட்டை விட்டுப்போகிறது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டுதான் அரைத்தார்.

அதே வாரம்தான் கடற்கரைப் பக்கத்து வீடு ஒன்றைக் காலி செய்த இடத்தில் மாமாவுக்கு அந்தக் கைக்கடிகாரம் கிடைத்தது. சாவி கொடுக்கிற பழைய பிரெஞ்சுக் கடிகாரம். முலாம் தேய்ந்து வெள்ளை தெரிந்தது. உதறினால் ஓடும், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஆகவே தெருவில் கணக்கு என்று எது வந்தாலும் என்னிடம் வரும்.

"படிச்சவன் நீ சொல்லு தம்பி. இதைச் சரி பண்ணலாமா, வேணாமா?"

"சரி பண்ண என்னா செலவாவுது, வித்தா என்னா வருது, ரெண்டையும் பாக்கணும் மாமா. வர்றது பெருசுன்னா பண்ணலாம்."

"இதுக்கா மூணு வருஷம் படிச்ச?"

இதே கேள்வியை நானும் அப்போது அடிக்கடி என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சின்ன மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே வாட்ச் ரிப்பேர்க் கடை வைத்திருந்த முருகையனிடம் போனோம். ஊர் வம்பு பேசிக்கொண்டே பின்மூடியைக் கழற்றினார்.

"எண்ணெய் காஞ்சு பசையா ஒட்டிக்கிச்சு. அச்சு தேஞ்சிருக்கு. கண்ணாடியும் மாத்தணும். அறுநூறு ஆவும். அந்தக் காசுக்குப் புது வாட்ச் வாங்கலாம்ணே. மிச்சத்துல பிரியாணியும் துன்னலாம்."

"ரெடி பண்ணி வித்தா?"

"முந்நூறு. ஏமாந்தவன் கெடைச்சா நானூறு. வுட்டுடுண்ணே."

வெளியே வந்ததும் மாமா என் தோளை அழுத்தினார். "பாத்தியா? கண்ணு வெச்சிட்டான்."

"வேணாம்னுதானே சொன்னாரு?"

"வர்ற கூலியை எவனாவது வேணாம்பானா? நான் சலிச்சுப்போயி இருபதுக்கும் முப்பதுக்கும் தள்ளிவுடுவேன், இவன் ஆள் வெச்சி வாங்கிக்கலாம்னு பாக்கறான். அவ்ளோ குறை சொல்றான்னா அது எப்பேர்ப்பட்ட வாட்சா இருக்கும்!"

இது எனக்குப் புரியவில்லை. ஆனால் மாமா இருபது வருடமாக வியாபாரம் பார்ப்பவர். நான் பரீட்சைத் தாளில் மட்டும் லாபம் பார்த்தவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு ஆந்தனி வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. சாக்கில் கிடந்த கடிகாரத்தைக் கண்டதும் குனிந்தார்.

"ஓலலா! இதே மாதிரி ஒண்ணு பட்டாளத்துல இருந்தப்ப மர்செய்ல வாங்கினேன்ப்பா. அப்ப எனக்குக் கல்யாணம்கூட ஆவல. சுளையா நூறு குடுத்தேன். ஓடுமா இது?"

"ஓட வெச்சிடலாம் முசே."

"ஓடுச்சுன்னா சொல்லு, நான் எடுத்துக்கறேன்."

எந்த நூறு என்று கேட்க வாயெடுத்தேன். மாமா என் தொடையில் கிள்ளினார். ஆந்தனி நகர்ந்த பிறகு, "கேட்டா உஷாராயிடுவாரு" என்றார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் பென்ஷன் வராத வீட்டுக்கும் யூரோ விலை தெரியும். அப்போது ஐம்பத்தைந்து ரூபாய் சொச்சம். மாமா விரலை மடக்கிப் பெருக்கினார். ஐயாயிரத்து ஐந்நூறு.

மறுநாளே மிக்ஸிக்கான அறுநூறு முருகையன் கைக்குப் போனது.

அத்தை கேட்கும்போதெல்லாம் மாமா மிக்ஸிக் கடையில் கூட்டம் என்றார், காயில் சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார். அவர் ஒளித்துவைத்த மிக்ஸி எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் சாக்குக்குள் கிடந்தது. அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் நான் வேலைக்கு விண்ணப்பம் எழுதினேன்.

கடிகாரம் ஓடியது. உண்மையிலேயே நன்றாக ஓடியது. மாமா அதைத் தெருவில் எல்லார் காதிலும் வைத்துக் காட்டினார், அத்தை காதில் மட்டும் வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆந்தனியும் காதில் வைத்துக் கேட்டார், சிரித்தார்.

"எவ்ளோப்பா?"

"நீங்க குடுத்த அதே நூறு குடுங்க முசே. மேல பைசா வேணாம். நம்ம காசுல ஐயாயிரத்து ஐந்நூறு."

ஆந்தனிக்குச் சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "நான் வாங்கினப்ப யூரோ ஏதுய்யா? அது ஃப்ராங்க்! நூறு ஃப்ராங்குக்கு இன்னிக்கி எண்ணூறு ரூபா சொச்சம் வரும். அதுவும் கடையில புதுசா வாங்கினது. நானூறு தரேன், குடு."

"நானூறா? ரிப்பேருக்கே அறுநூறு ஆச்சு முசே."

"உன்னை யார் பண்ணச் சொன்னா? இங்க பாரு, முலாம் போயிடுச்சு. முள்ளு மங்கிப்போச்சு. சின்னப் பையன் வாட்ச் மாதிரி இருக்குது."

மாமா என் பக்கம் சாய்ந்தார். "குறை சொல்றாரு. மாட்டினாரு!" என்று கிசுகிசுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டாயிரத்துக்குக் கீழ பேச்சே இல்ல முசே."

ஆந்தனி கடிகாரத்தைச் சாக்கில் வைத்தார். பக்கத்தில் கிடந்த கேரட் துருவியை இருபது ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு மொபெட்டில் ஏறிப் போய்விட்டார். திரும்பி வருவார் என்று மாமா சந்தை கலைகிற வரைக்கும் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அத்தை நேராகவே கேட்டார். "யோவ், மிக்ஸி வருமா வராதா?"

மாமா மணிக்கட்டை நீட்டினார். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதாயிற்று. அத்தை கடிகாரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

"சின்னதா இருக்குது. மஞ்சள்லாம் போயிருக்குது."

பழக்கதோஷம், மாமாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அத்தை அதைத் தன் கையில் கட்டிக்கொண்டார்.

"காசைத் துன்னது நீ. மிக்ஸி வர்ற வரைக்கும் நீதான் அரைக்கற."

மறுநாள் விடியலில் மாமா அம்மியில் உட்கார்ந்தார். அத்தை பக்கத்தில் நின்று மணி பார்த்தார். "கால் மணியா ஒரு மூடித் தேங்காயைத் தடவிக்கினு இருக்கற. அமுக்கி இழுய்யா! தறி ஓட்டின கைதானே?" மாமா முனகினார். ஆனால் தறி ஓட்டின கை பொய் சொல்லவில்லை. சட்னி வெண்ணெய் மாதிரி வழிந்தது. அத்தை வலியோடு அரைகுறையாய் அரைத்த சட்னியும் அப்படி இல்லை, மிக்ஸிச் சட்னியும் அப்படி இல்லை. இட்லி வாங்க வந்தவர்கள் சட்னியை இன்னொரு தடவை கேட்டார்கள். அந்த வாரம் அடுத்த தெருவிலிருந்தும் தூக்குவாளி வந்தது. அத்தை இட்லிக்கு நாலணா ஏற்றினார். யாரும் முணுமுணுக்கவில்லை.

முணுமுணுத்தது மாமா ஒருத்தர்தான். வண்டி மிதிக்கக் கை கால் வரவில்லை. பித்தளைக் குழாய், வாணலி என்று கிடைத்த விலைக்கு விற்று அறுநூறு தேற்றி, ஒருநாள் விடியலில் எங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து மிக்ஸியையும் இழுத்துக்கொண்டு போய் அத்தை முன்னால் வைத்தார்.

"நாளைக்கே காயில் கட்டிடலாம் லட்சுமி."

அத்தை மிக்ஸியைக் காலால் திருப்பிப் பார்த்தார். "பழசுய்யா இது. இதுக்குப் போயி அறுநூறு போடறது தெண்டம். நீ என்னா சொல்ற தம்பி? நீதான் கணக்குப் படிச்சவன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மின்சாரம் இல்லை, காயில் இல்லை, கூலி இல்லை, விற்பனையோ கூடியிருக்கிறது. எந்தப் பக்கம் எழுதினாலும் விடை ஒன்றுதான். என் நாக்கில் வேறு நேற்றுத் தின்ற அந்தச் சட்னி இருந்தது.

"சரி பண்றது நஷ்டம் அத்தை" என்றேன்.

மாமா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பிறகு அத்தை பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப அந்த வாட்சையாவது குடு. சொல்தாகிட்ட நானூறுக்கே தள்ளிட்டு வந்துடறேன்."

அத்தை மணிக்கட்டைக் காதருகே கொண்டுபோய்க் கேட்டார். நிதானமாகச் சாவி கொடுத்தார்.

"நல்லாத்தான்யா ஓடுது. நீ போட்ட அறுநூறு வீண் போவல. உக்காரு, மணி அஞ்சேமுக்கால் ஆவுது. இன்னும் தேங்காயே ஒடைக்கல."