வழிமொழிந்தவள்

எண்பதுகளின் நடுவில், நியூசிலாந்தின் ஓக்லாந்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொருளாளர் சிட்னிக்குக் குடிபெயரப் போகிறார் என்று தெரிந்த அன்றே, அந்த இடம் எனக்குத்தான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். இரண்டு வருடமாக அவருடைய வேலையில் பாதி என்னிடம்தான் இருந்தது. சந்தாக் கடிதங்களைத் தட்டச்சு செய்வது, முத்திரை ஒட்டுவது, மண்டபம் பதிவது, பொங்கலுக்குப் புக்கெகோஹி வரை போய் வெங்காய மூட்டை வாங்கி வருவது. எல்லர்ஸ்லியில் கட்டட வரைபடம் கீறும் வேலை எனக்கு. எதையும் பட்டியல் போட்டுச் செய்து பழக்கம்.

என்னோடு வாடகை வீட்டில் இருந்தவள் ஒரு தாதி. எனக்கு ஒரு வருடம் பிந்தி வந்தவள். சங்கத்துக்கு அவள் செய்த வேலை என்று எழுதப்போனால் தாள் வெறுமையாகத்தான் இருக்கும். ஆனால் அவள் உள்ளே வந்தால் அக்காமார் கதிரை இழுத்துப் போடுவார்கள். விழா முடிந்ததும் அவளுக்குப் பலகாரம் கட்டிக் கொடுப்பார்கள். என்னிடம் மண்டபத்தைப் பூட்டிவிட்டுப் போகச் சொல்லித் திறப்பைக் கொடுப்பார்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கதிரை, தேநீர், பால், அறிக்கைப் பிரதிகள் எல்லாவற்றுக்கும் என் தாளில் சரி போட்டாயிற்று. என்னை முன்மொழியச் சொல்லி மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை. அதை எப்படி வாய்விட்டுக் கேட்பது? செய்த வேலையைப் பார்த்து அவர்களாகவே சொல்வார்கள் என்றிருந்தேன்.

"பொருளாளர் பதவிக்கு?" என்றார் தலைவர்.

முன்வரிசை அக்கா ஒருவர் எழுந்து அவளுடைய பெயரைச் சொன்னார். "கலகலப்பான பிள்ளை. இவ கேட்டா ஆரும் இல்லையெண்டு சொல்லமாட்டினம்." சபை சிரித்தது.

என் பக்கத்தில்தான் இருந்தாள் அவள். என் முழங்கையைப் பிடித்தாள். "நீரெல்லோ இதெல்லாம் செய்யிறனீர். நான் உம்மடை பேரைச் சொல்லட்டே?"

அவள் கையால் வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. "வேண்டாம். எனக்கு நேரமில்லை" என்றேன்.

"ஆர் வழிமொழியிறது?" தலைவரின் பார்வை சுற்றி வந்து என்னில் நின்றது. "பிள்ளை, நீங்கள் ரெண்டுபேரும் ஒரே வீடுதானே?"

கையைத் தூக்கினேன். முகம் எப்படி இருந்ததென்று தெரியாது. கை நேராகத்தான் இருந்தது. போட்டியில்லை, வாக்கெடுப்பில்லை. ஏகமனதாகத் தெரிவு என்று குறிப்பேட்டில் எழுதினார்கள்.

அந்தக் கிழமையே கோப்புகளை ஒப்படைத்தேன். "இதிலை எழுதாத விசயம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

இருந்தது. மவுண்ட் ரொஸ்கிலில் ஒரு அண்ணர், சந்தா என்று போன் வந்தால் சீறி விழுவார். அவருக்குக் கடிதம் மட்டும்தான் போடுவது. நான் ஒருமுறை வாங்கிக் கட்டியிருக்கிறேன். அவளும் வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அவருக்குப் போன் எடுத்தாள். நான் அடுப்படியில் நின்று காது கொடுத்தேன். அரை மணி நேரம் கதைத்தாள். இரண்டு தரம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்ல மனுசன்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள். "காசோலை அனுப்புறாராம். நாளைக்கு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டவர். கூட இருக்கிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

எனக்குத் தலையிடி, நாளைக்கும் விடாதுபோல என்றேன். உடனே போய் இரண்டு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாள். அவள் பார்த்துக்கொண்டு நிற்க, இரண்டையும் விழுங்கினேன்.