இதயத்தின் சுவிட்சைத் தேடி

மலேசியாவில், கிள்ளானில் ஒரு கல்யாணம். பக்கத்து நாற்காலி அங்கிள் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார்.

"டி.என்.ஏ.வில சுவிட்ச் தேடுறேன் அங்கிள்."

"ஓ, எலெக்ட்ரிக்கல் லைனா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடித்தேன்.

முழுப் பொய் இல்லை. நம் உடம்பின் எல்லா செல்லிலும் இருப்பது ஒரே மரபணுக்கள்தான். எது எங்கே வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்பவை டி.என்.ஏ.வில் அங்கங்கே சுவிட்ச் மாதிரி கிடக்கும் சின்னத் துண்டுகள். அவற்றைக் கம்ப்யூட்டரில் தேடுவதுதான் என் வேலை. மனிதனின் டி.என்.ஏ.வையும் மீனுடையதையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். கோடிக்கணக்கான வருஷத்தில் சுற்றியுள்ள எல்லாம் மாறியும் ஒரு துண்டு மட்டும் மாறாமல் இருந்தால், அதற்கு ஏதோ முக்கியமான வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

நான் கண்டுபிடிப்பதைச் சோதிப்பவள், மதுரையிலிருந்து வேலைக்கு வந்த என் தோழி. சுபாங் ஜெயாவில் எங்கள் ஆய்வகம். அந்தத் துண்டோடு பச்சையாக ஒளிரும் மரபணு ஒன்றைச் சேர்த்து மீன் முட்டைக்குள் ஊசியால் செலுத்துவாள். நாங்கள் தேடியது ஓர் இதய மரபணுவின் சுவிட்சை. துண்டு சரியானதாக இருந்தால் மீன் குஞ்சின் இதயம் ஒளிரும்.

ஒளிரவே இல்லை. நான் கொடுத்த எல்லாத் துண்டும் இருட்டு.

பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிடப் போனபோது, "உன் ஊசிதான் சரியில்லலா" என்றேன்.

"ஊசி நல்லாத்தான் இருக்கு. நீங்க மரபணுவுக்குப் பக்கத்துலயே தேடுறீங்க. தள்ளி இருந்தா?"

"வீட்டு லைட்டுக்கு எவன் அடுத்த வீட்டுல சுவிட்ச் வைப்பான்?"

கேட்டுவிட்டேனே தவிர, மனசு அரித்தது. தேடும் தூரத்தைக் கூட்டி புரோகிராமை ஓட விட்டேன். அது காட்டிய துண்டு அடுத்த மரபணுவுக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தும் அவளிடம் கொடுத்தேன்.

ஒருநாள் காலை ரயிலில் வந்துகொண்டிருந்தபோது போன். "அக்கா, சீக்கிரம் வாங்க!"

மூச்சிரைக்கப் போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். கண்ணாடி மாதிரி ஒரு குஞ்சு. அதன் நடுவே பச்சையாக, பொட்டைவிடச் சின்னதாக, இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

"துடுப்புலயும் எரியுது, பாத்தீங்களா?" என்றாள்.

"ஆமாலா! அது எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? உங்க புரோகிராமைக் கேளுங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். குஞ்சைப் பார்க்க அவர்கள் வரிசையில் நின்றும் நான் மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவில்லை.