கயிறு இழுக்க ஆளில்லாத கடைசல்

அரக்கு உருகும் வாசனை... அதை மட்டும் என் மூக்கு இன்னும் மறக்கவில்லை.

சுற்றுகிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசுகிற சூட்டிலேயே உருகிச் சிவப்பாகப் படரும். பிறகு தாழை மடலால் ஒரு தேய்ப்பு. முகம் பார்க்கலாம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம் அது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் மரக்கடைசல் பட்டறை. தோணிக்காரர்களுக்குப் பாய்க்கயிறு ஓடும் கப்பி, கட்டில் கால், தொட்டில் கம்பு என்று எல்லாம் கடைந்து கொடுப்பார். அவருக்குக் கை நடுக்கம் வந்ததும் உளி என்னிடம் வந்தது. எனக்குப் பதினைந்து வயதிருக்கும். என்னைவிடக் கொஞ்சம் மூத்த அக்கா கயிற்றைப் பிடித்தாள்.

அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்களிடம் மோட்டார் ஏது? கடைய வேண்டிய மரத்தில் கயிற்றைச் சுற்றி, ஒருவர் எதிரே நின்று இரு கையாலும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். மரம் ஒரு முறை என் பக்கம் சுற்றும், மறுமுறை எதிர்ப்பக்கம் திரும்பும். என் பக்கம் சுற்றும்போது உளியை வைக்கணும், திரும்பும்போது எடுத்துவிடணும். எடுக்க மறந்தால் உளி மழுங்கும், மரமும் சிராய்த்துப் போகும்.

அக்காவுக்கு வாய் ஓயாது.

"ஏலே, வை... எடு... வை... கையை எடுலே! தூங்குதியா?"

"மொதல்ல நீ ஒழுங்கா இழு எக்கா!"

போகப் போக அவள் சொல்லவே வேண்டியதில்லை. அவள் மூச்சு வாங்கும்போது என் கை தானாக எழும்.

பிறகு அக்காவுக்கு வேம்பாரில் மாப்பிள்ளை அமைந்தது. வீடே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் ஒரே யோசனை. அவள் போய்விட்டால் எதிரே யார் நிற்பார்கள்? கல்யாண வீட்டில் இதை யாரிடம் போய்ச் சொல்ல...

அவளுக்காகப் பூவரசு மரத்தில் ஒரு குங்குமச் சிமிழ் கடைந்தேன். பக்கவாட்டில் வெடிப்பு விழுந்துவிட்டது. தூக்கிப் போடப் போனேன், அக்கா விடவில்லை. கடற்கரையில் பொறுக்கிய முத்துச்சிப்பி ஓட்டை நொறுக்கினாள். இரும்புக் கரண்டியில் அரக்கை உருக்கி, துணுக்குகளைச் சேர்த்து வெடிப்பில் ஊற்றினாள். இறுகியதும் மறுபடி கடைசலில் ஏற்றினோம். மருதாணிக் கையோடு அவள் கயிற்றைப் பிடித்ததைப் பார்த்து அம்மா சத்தம் போட்டாள்.

"ஏளா, விடிஞ்சா தாலி ஏறப் போவுது. இன்னும் கயித்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கியே!"

"அவன் தனியா என்னம்மா செய்வான்? இதை முடிச்சிட்டு வாரேன்."

சிவப்பு அரக்குக்குள் சிப்பி மினுங்கியது. அந்தச் சிமிழோடு அவள் வேம்பார் போனாள்.

கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தேன். கையும் கயிறும் சேரவே இல்லை. கொஞ்ச நாளில் பட்டறையைப் பூட்டிவிட்டு ஹார்பர் வேலைக்குப் போய்விட்டேன்.

இப்போது தொண்ணூறைத் தாண்டியாயிற்று. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நானும் ஃபேன் சத்தமும்தான். போன மாதம் பேரன் ஒரு பார்சல் அனுப்பினான். மேஜை மேல் வைக்கிற சின்ன மோட்டார் லேத், அதாவது கடைசல் எந்திரம்... கூடவே ரெசின் என்கிற செயற்கைப் பிசின் பாட்டில்கள். "பொழுது போகும் தாத்தா" என்றான்.

இரண்டு பாட்டிலில் இருப்பதையும் அளந்து கலந்து அச்சில் ஊற்ற வேண்டுமாம். தீ வேண்டாம், கரண்டி வேண்டாம். முதலில் அளவு தப்பிப் பிசுபிசுவென்று இறுகாமலே கிடந்தது. அடுத்தது ஒரே குமிழி. உங்களில் யாருக்காவது குமிழியை விரட்டும் வித்தை தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம் பூவரசுத் துண்டும் சிப்பித் துணுக்கும் போட்டு மெதுவாக ஊற்றினேன். நன்றாக வந்தது.

சிமிழ் ஒன்று கடையலாம் என்று அதை லேத்தில் ஏற்றி ஸ்விட்சைப் போட்டேன். ஒரே பக்கமாகச் சுற்றுகிறது, திரும்புவதே இல்லை. நானோ உளியை வைத்து... எடுத்து... வைத்து... எடுத்துக்கொண்டிருக்கிறேன்! சிமிழ் முழுக்கத் தழும்பு. எடுக்காமல் கடைய எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை.

வேம்பாருக்கு போன் போட்டேன். அக்காவுக்கு இப்போது காது மந்தம், கத்தித்தான் பேச வேண்டும். மறுபடி சிமிழ் கடைகிறேன் என்றேன்.

"கயிறு யாருலே இழுக்கா?"

"மோட்டாருக்கா! ஆளே வேண்டாம்!"



"அப்பம் ஒனக்கு யாருலே 'கையை எடு'ன்னு சொல்லுதா?"

சிமிழில் விழுந்த தழும்புகளை விரலால் தடவினேன்.

"சரி... போனைப் பக்கத்துல வையி. நான் சொல்லுதேன், நீ கடை."

ஸ்பீக்கரைப் போட்டு வைத்தேன். "வை... எடு... வை..." மோட்டார் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. சீக்கிரமே அவளுக்கு மூச்சு வாங்கியது. அவள் பேத்தி வந்து போனை வாங்கி, "ஆச்சி படுக்கட்டும் தாத்தா" என்று வைத்துவிட்டாள்.

நான் லேத்தை நிறுத்தவில்லை. அன்று கையைத் தூக்கினால் எதிரே அக்கா நிற்பாள். இன்று வெள்ளைச் சுவர் நிற்கிறது. அதைப் பார்த்தபடி உளியை வைத்தேன்... எடுத்தேன்.