வண்டியை விட்டுவிட்டார்கள்

தலைவரை ஜெயிலிலிருந்து விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், அவருடைய டிரைவரின் மனைவி தன் இஸ்திரிக் கடையில் பெட்டியை அணைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். வீட்டுக்காரர் வரும்போது கதவு பூட்டிக் கிடக்கக் கூடாது. அவர் வரவில்லை.

சர்க்காரை எதிர்த்து ஊர்வலம் போன அன்று இருவரையும் ஒரே காரிலிருந்து இறக்கி ஒரே ஜீப்பில்தான் ஏற்றினார்கள். ஆனால் தலைவருக்காக வெளிநாடுகள் வாயைத் திறந்தன. வியாபாரத்தையே நிறுத்துவோம் என்று மிரட்டின. சர்க்கார் பயந்துபோனது. பெரிய ஆளை விட்டால் சத்தம் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பவில்லை. காரில் கிடந்த நோட்டீஸ்களை எல்லாம் டிரைவர் தலையில் கட்டினார்கள்.

போலீஸ் வந்து கடைத் துணிகளைக் காலால் கலைத்துவிட்டுப் போனதிலிருந்து வாடிக்கைக்காரர்கள் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். அவளும் சளைத்தவள் இல்லை. ஒவ்வொருவரையும் உரக்கக் கூப்பிட்டு நலம் விசாரித்தாள். தெருவே கூனிக் குறுகட்டும் என்றுதான்.

ஒருநாள் காலையில் தலைவரின் மைத்துனர் வந்தார்.

"அக்கா, போலீஸ்ல காரை விட்டுட்டாங்க. இழுத்துட்டு வந்து வாசல்ல நிறுத்தியிருக்கோம். சாவிய மட்டும் தொலைச்சுட்டானுங்க. மாத்துச் சாவி உங்க வீட்டுல இருக்காமே. மச்சானுக்கு வெளிநாட்டுல விருது. சாயங்காலம் ஏர்போர்ட்டுக்கு அந்தக் கார்லதான் போவேன்னு பிடிவாதம். படம் எடுக்க வராங்க."

"காரை விட்டுட்டாங்களா?"

"ஆமாக்கா."

"ஓட்டுனவர?"

மைத்துனர் தன் செருப்பைப் பார்த்தார். "அதுக்கும் பேசிட்டுத்தான் இருக்கோம்."

"பேசிப் பேசி வாய் வலிச்சிருக்கும். போங்க, சாவிய நானே கொண்டுவரேன்."

சாயங்காலம் தலைவர் வீட்டு வாசலில் கார் நின்றது. சுற்றிலும் கேமராக்கள், வழியனுப்ப வந்த வெளிநாட்டுத் தூதரகக்காரர்கள். அவள் நேராகப் போய்ச் சாவி போட்டுக் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

தலைவர் வந்தார். உள்ளே நன்றாக அடித்திருக்கிறார்கள், ஆள் பாதியாகியிருந்தார். அவளுக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. அந்த இரக்கத்தைத் தூக்கி எறிந்தாள்.

"என்னம்மா இது? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இவங்க பார்த்ததாலதான நீங்க வெளிய வந்தீங்க. அவரைப் பத்தியும் சொல்லுங்க."

"டிரைவர் தம்பி பேச்சை இப்ப எடுத்தா என்னையும் திரும்ப உள்ள போட்டுடுவாங்க. அங்க போய்ப் பேசறேன்."

"இங்க சொன்னாதான் சாவி."

தலைவர் வேறு வழியில்லாமல் பக்கத்தில் நின்ற வெளிநாட்டு அம்மாளிடம் அவர்கள் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார். அந்த அம்மாள் உருகிப்போய் இவள் தோளைத் தடவினாள். இவளுக்கு அந்தப் பாஷை தெரியாதுதான். ஆனால் புருஷன் பெயர் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான். அது தலைவர் வாயில் வரவே இல்லை.

அவள் காரிலிருந்து இறங்கினாள். அந்த அம்மாளின் கையைப் பிடித்து, புருஷன் பெயரைச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். அந்த அம்மாள் தட்டுத்தடுமாறித் திருப்பிச் சொன்னாள். கேமராக்கள் இந்தப் பக்கம் திரும்பின. வாசல் போலீஸ்காரன் கிட்டே வந்தான்.

அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் ஒரு தடவ சொல்லுங்க. அவங்களுக்குப் புரியற மாதிரி."

தலைவர் வாயைத் திறந்தார். "தம்பி..." என்றார். அப்புறம் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் மறுபடியும் தன் செருப்பைப் பார்த்தார்.

இத்தனை வருஷம் கார் ஓட்டியவரின் பெயர் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.