வெள்ளானூர் டீக்கடையில் ஒரு மீன்வலை

பஸ் பஞ்சராகி வெள்ளானூர் டீக்கடை வாசலில் நிற்கிறது. கடைக்கு முன்னால் நான்கு மூங்கில் நட்டு, மேலே பழைய மீன்வலை கட்டியிருக்கிறது. வருவாய்த்துறையில் ஓய்வு பெற்றவன் நான்; ஆக்கிரமிப்பின் படிகள் எனக்குத் தெரியும்: முதலில் வலை, அப்புறம் தகரம், அப்புறம் சுவர், கடைசியில் பட்டா.

"எதற்கு வலை?" என்று கடைக்காரரைக் கேட்கிறேன்.

"ட்ரோனுக்கு சார்."

"சர்வே எடுக்கிற ட்ரோனுக்கா?"

"அது இல்ல சார். எம்புள்ள வெளிநாட்ல, சண்ட நடக்கிற ஊர்ல லாரி ஓட்றான். குண்டு ட்ரோன் வந்தா மாட்டிக்கட்டும்னு அங்க ரோட்டு மேலயே மீன்வல கட்டிக்கீறாங்களாம். தாங்குமான்னு கட்டிப் பாக்கறேன்."

நான் நம்பவில்லை. அவர் வெளியே போய் ஒரு தேங்காயை உயரே வீசுகிறார். அது வலையில் தொங்குகிறது. இரண்டாவது தேங்காய் வலையைக் கிழித்துக்கொண்டு என் செருப்பருகே விழுகிறது.

போன் அடிக்கிறது. வீடியோவில் மகன்.

"இன்னா நைனா, தாங்குச்சா? காலைல வண்டி எடுத்தாவணும்."

"தாங்குச்சுடா. தோ, சாரே பாத்தாரு." போன் என் பக்கம் திரும்புகிறது.

பணியில் இருந்தவரை, அசலைப் பார்க்காமல் ஒரு நகலிலும் நான் சான்றொப்பம் இட்டதில்லை. தேங்காயைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தலையாட்டுகிறேன்.